வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வீடு

ஆகஸ்ட் 14, திங்கள்

நேர்முகத் தேர்வு முடிந்தது. ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஏசி முகத்துக்கு நேரே அடிக்கிறது, இருந்தும் வியர்வை நிற்கவில்லை. ஃப்ரெஸ்னோவில் ஆகஸ்ட் மாதம் கோட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொல்பவர்களை என்ன செய்வது?

மூன்று பேர் இருந்தார்கள். இதய நோயாளிகள் வார்டின் மேனேஜர் டெனிஸ் என்ற அம்மா நடுவில். நீ செய்த தவறு ஒன்றைச் சொல் என்றார். சொன்னேன். நாக்கு குழறவில்லை. முடிந்ததும் டெனிஸே எழுந்து லிஃப்ட் வரை கூட வந்து, "சீக்கிரம் பார்க்கலாம்" என்று கையைக் குலுக்கினார்.

நேற்று அண்ணன் தெங் கேட்டான். "பரீட்சை பாஸ் பண்ணி லைசென்ஸும் வாங்கிட்ட. அப்புறம் என்ன இன்னொரு தேர்வு?" அவனுக்குச் சொன்னதுதான். லைசென்ஸ் இருந்தால் மட்டும் எந்த வார்டும் புது நர்ஸை உள்ளே விடாது. ரெசிடென்சி என்று ஒரு வருடப் பயிற்சி வேலை, மூத்த நர்ஸ் ஒருவர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுப்பார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அதுதான் கதவு. வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ திறக்கும். உள்ளே பத்துப் பேர் போனால் வெளியே நூறு பேர் நிற்பார்கள். "ஓ, கிரீன் கார்டு மாதிரி" என்றான் தெங். சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான்.

அதே நாள், சாயங்காலம்

அப்பா என்னை விசாரித்த விசாரணை இருக்கிறதே! யார் எங்கே உட்கார்ந்தார்கள், முதலில் யார் வாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்களா, கிளம்பும்போது எழுந்து நின்றார்களா. அப்பா லோர் குலத்தின் கல்யாணப் பேச்சுக்காரர். இந்த ஊரில் எங்கள் ஹ்மாங் இனத்தார் எத்தனையோ பேர் வீடுகளில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே உட்கார்ந்து, விடிய விடியப் பேசி முடித்துவைத்தவர். எங்கே நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தாலும் அவருக்கு அது சம்பந்தப் பேச்சுதான்.

டெனிஸ் லிஃப்ட் வரை வந்ததைச் சொன்னதும் தொடையில் தட்டினார்.

"முடிஞ்சுது. மேசையில பேசறதெல்லாம் பேரம். எழுந்து வாசல் வரைக்கும் வந்து சொல்றதுதான் வாக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

பெரியப்பாவுக்குப் போன் போய்விட்டது. பன்றிக்கும் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. 26ஆம் தேதி சனிக்கிழமை வீட்டில் விருந்து, எனக்கு மணிக்கட்டில் வாழ்த்துக் கயிறு கட்டுகிறார்கள்.

"அப்பா, முடிவே அதுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமைதான் வரும்."

"விருந்து சனிக்கிழமைதானே?"

அம்மாவிடம் போனேன். அவள் ஏற்கெனவே பக்கத்து வீட்டிலிருந்து பெரிய அண்டாவை இரவல் வாங்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். "லைசென்ஸ் வாங்கினதுக்குன்னு வெச்சுக்கோயேன்" என்றாள். ஆனால் போனில் எல்லோரிடமும் அப்படிச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததற்கு என்றுதான் சொல்கிறாள். காதால் கேட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

இன்னும் வரவில்லை. ஒன்றும் வராமல் இருப்பது நல்லதா கெட்டதா?

ஆகஸ்ட் 25, வெள்ளி

வந்துவிட்டது.

கார் ஷெட்டில் அம்மாவோடு எலுமிச்சைப் புல் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன். முதல் வரியில் நன்றி. இரண்டாவது வரியில் தகுதியுள்ளவர்கள் நிறைய விண்ணப்பித்திருந்தார்கள் என்று சந்தோஷப்பட்டிருந்தார்கள். மூன்றாவது வரியில் மற்றவர்களோடு மேற்கொண்டு செல்ல முடிவு செய்திருக்கிறார்களாம். வேண்டாம் என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று கடைசிவரை தேடினேன், இல்லை. என் எதிர்காலத்துக்கு வாழ்த்து மட்டும் இருந்தது.

அதே நிமிடம் யெசேனியாவிடமிருந்து செய்தி. கல்லூரியில் நாலு வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஒரே கூச்சல், வரிசையாக ஆச்சரியக்குறி. அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதே வார்டு. கொஞ்சம் கழித்து இன்னொரு செய்தி. "நீ?"

நான் பதில் போடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. "பன்னிய காலையிலயே வெட்டியாச்சே" என்றாள். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

அப்பாவிடம் அம்மாதான் போய்ச் சொன்னாள். ஜன்னல் வழியே பார்த்தேன். வாடகை மேசைகளை விரித்துப்போட்டுக்கொண்டிருந்தார். நின்று கேட்டார். பிறகு அடுத்த மேசையை எடுத்து விரித்தார். என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நாளைக்கு முடியட்டும்."

முடியட்டும்னா என்ன? என்ன முடியணும்? நூறு பேர் வந்து என் கையில கயிறு கட்டி, ஆஸ்பத்திரியில நல்லா இருன்னு வாழ்த்தணும், நான் தலைய ஆட்டணும், அதுதானே? என்னால முடியாது. முடியவே முடியாது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

முடிந்தது. என்னால் முடிந்தது என்பதுதான் கேவலம்.

நேற்று காலையில் சின்ன மேசைக்குப் பின்னால் என்னை உட்காரவைத்தார்கள். அவித்த கோழி, முட்டை, ஒரு கிண்ணம் அரிசி. முதலில் பெரியவர்கள், பிறகு அத்தைகள், பிறகு யார் யாரோ வந்து ஆளுக்கொரு வெள்ளை நூலை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். நோய் நொடி போகட்டும், உயிர் உடம்போடு இருக்கட்டும் என்று எப்போதும் சொல்வதுதான். அதோடு எல்லோரும் ஒரு வரி கூடச் சேர்த்துக்கொண்டார்கள். "பெரிய ஆஸ்பத்திரியில பேர் எடு." "டாக்டருங்க உன் பேச்சக் கேக்கட்டும்." "நாளைக்கு நாங்க வந்து படுத்தா நீ பாத்துக்கோ." முழங்கை வரைக்கும் நூல் ஏறிவிட்டது.

"எந்த வார்டு, காவ்ஷெங்?" என்று ஒரு அத்தை கேட்டாள்.

"இதயம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். அம்மா சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை. என் வாய்தான் சொன்னது. உடனே அவள் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து என் முன்னால் கொட்டினார். வெள்ளையில் பாதி எதற்கு, மஞ்சள் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தேன். அதில் மட்டும் பொய் இல்லை.

நான் பாத்திரம் கழுவும்போது தெங் பக்கத்தில் வந்து நின்றான். "நல்ல விருந்து. பன்னிக்குத்தான் வேலை கிடைச்சது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவன் பயந்துபோய் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

எழுந்தேன். படுத்தேன்.

செப்டம்பர் 9, சனி

இன்னும் ஏழெட்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். மதேரா, விசேலியா, மெர்செட். எல்லாரும் கேட்பது ஒன்றுதான், ஒரு வருட ஆஸ்பத்திரி அனுபவம். ஆஸ்பத்திரிக்குள் விட்டால்தானே அனுபவம் வரும்? இதை யாரிடம் போய்க் கேட்பது? இணையப் பக்கத்திடமா?

யெசேனியா வந்தாள். திங்கட்கிழமை அவளுக்கு முதல் நாள். எனக்குப் பிடித்த மாம்பழ ஐஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். புதுக் காலணி போட்டிருந்தாள், அதை என் கண்ணில் படாமல் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"காவ், அவங்க பாத்தது என்னன்னே எனக்குத் தெரியல. நீ என்னைவிட..."

"வேணாம். என்னைப் பாத்துப் பாவப்படாத."

"பாவப்படல. எனக்கே பயமா இருக்கு."

"பயமா இருந்தா போகாத. அந்த எடத்த எனக்குக் குடு."

சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. ஐஸைச் சாப்பிடாமலே போய்விட்டாள். நான் இரண்டையும் சாப்பிட்டேன். என்ன மாதிரி ஆள் நான்?

செப்டம்பர் 20, புதன்



காலையில் ஆஸ்பத்திரியின் வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, யாரோ வேண்டாம் என்றுவிட்டார்கள், இடம் காலியாகிவிட்டது என்று நினைத்தேன். திறந்தால், உங்கள் குடும்பத்தார் நேற்று நேரில் வந்து உங்கள் விண்ணப்பம் பற்றிப் பேச விரும்பினார்கள், எங்களால் எந்த விண்ணப்பதாரரைப் பற்றியும் மற்றவர்களிடம் பேச முடியாது, இதை அவர்களுக்குத் தெரியப்படுத்தவும்.

தெங்கைப் பிடித்து உலுக்கினேன். அவன்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். அப்பா கேக்கல. பெரியப்பாவையும் கூட்டிக்கிட்டாரு. பேச்சுக்கு ரெண்டு பேரா போனாத்தான் மரியாதையாம்."

இருவரும் கோட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கருப்புக் குடை, கோடு போட்ட துணி சுற்றிக் கட்டியது, சம்பந்தம் பேசப் போகும்போது கையில் பிடிப்பது. வெளியே நூறு டிகிரி வெயில். வாசலில் நின்ற காவலாளி, "மழை வருமா சார்?" என்று கேட்டிருக்கிறான். பெரியப்பா பையில் இரண்டு சின்னக் கோப்பைகளும் ஒரு சாராயப் பாட்டிலும் வைத்திருந்தாராம். நல்லவேளை, தெங் அதைப் பிடுங்கிக் காரிலேயே வைத்துவிட்டான்.

வரவேற்பறையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மேலிருந்து ஒரு சின்னப் பெண் இறங்கி வந்தாள். அப்பா எழுந்து நின்று பேசினார், தெங் ஆங்கிலத்தில் சொன்னான்.

"காரணம் கேக்க வரல. குறை சொல்ல வரல. வாசல் வரைக்கும் வந்து வாக்கு குடுத்த அம்மா யாரோ, அவங்க ஒரு தடவ வந்து எங்க முன்னாடி, முடியலன்னு சொல்லிட்டா போதும். நாங்க கிளம்பிடுவோம்."

அவள் முடியாது என்றாள். உங்கள் மகள் வயது வந்தவர், அவரிடம்தான் பேசுவோம் என்றாள்.

"அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே" என்று அப்பா சொன்னதை மட்டும் தெங் மொழிபெயர்க்கவில்லையாம். அதற்கு அவனுக்கு நான் நன்றி சொல்லவேண்டும் போலிருக்கிறது.

இணைய முகவரி அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அப்பா அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் கத்தினேன். வாழ்க்கையில் அப்பாவிடம் அப்படிக் கத்தினதில்லை. "நான் என்ன, பாத்துட்டு வேணாம்னுட்டுப் போன பொண்ணா? இனிமே அந்த ஆஸ்பத்திரியில என் பேரப் பாத்தாலே சிரிப்பாங்க! குடையோட வந்த குடும்பம்! அடுத்த தடவ நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு விண்ணப்பம் போடுவேன்?"

அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"நம்ம வழக்கத்துல ஒரு பொண்ண தனியா மேசைக்கு அனுப்பமாட்டோம். அந்தப் பக்கம் மூணு பேரு. உன் பக்கம் யாரு இருந்தா?"

கோபம் போகவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் செய்தது தப்பு. முட்டாள்தனம். என் பெயரையே கெடுத்துவிட்டார். ஆனால் அந்த மூன்று பேர் முன்னால் என் பக்கம் யாரும் இல்லைதானே?

செப்டம்பர் 22, வெள்ளி

அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. சோறு தயார் என்பதை அம்மா இருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறாள்.

அக்டோபர் 12, வியாழன்

க்ளோவிஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள். போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட்ட ஒரே கேள்வி, எப்போது சேரலாம்.

யெசேனியாவிடம் சொன்னேன். (செய்தி போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினாள், அதோடு விட்டது.) அவள் உடனே போன் செய்தாள்.

"காவ், தேதியப் பாத்துக்கோ. ஆறு மாசத்துக்கு மேல எங்கயாவது நர்ஸா வேலை செஞ்சிருந்தா ரெசிடென்சிக்குப் புது ஆளுன்னு எடுத்துக்கமாட்டாங்க."

"அடுத்தது பிப்ரவரியில திறக்கும். போன வருஷம் அப்படித்தான். நாலு மாசம்தான் ஆகியிருக்கும்."

"அப்ப சரி. ஆனா மறந்துடாத."

மறப்பேனா? திங்கட்கிழமை, 16ஆம் தேதி சேர்கிறேன். வீட்டில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

அம்மா, "ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்னு சொல்லிக்கலாம்ல, யூனிஃபார்ம் ஒண்ணுதானே" என்றாள். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நான் அங்கேதான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

முப்பது பேருக்கு நான் ஒருத்தி. மாத்திரையைப் பொடித்து ஆப்பிள் கூழில் கலந்து ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த வேளை மாத்திரை வந்துவிடுகிறது. சர்க்கரை பார், ஊசி போடு, படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்று, மகளுக்குப் போன் செய், டாக்டருக்குப் போன் செய், டாக்டர் எடுக்கமாட்டார், மறுபடி செய். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யாருமில்லை. என்னைப் பழக்கிய நர்ஸ் மூன்றாவது நாளே விடுப்பில் போய்விட்டார்.

12ஆம் அறைப் பெரியவர் பெத்ரோசியன் என்னை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். "நீ புதுசா?" "ஆமாம்" என்கிறேன். "பயப்படாத, ரெண்டு நாள்ல பழகிடும்" என்கிறார். என்னைத் தைரியப்படுத்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரி முழுவதிலும் ஆள் இல்லை, இவர்தான் கிடைத்தார்.

நவம்பர் 18, சனி

இன்று ஒரு அம்மாவுக்கு மூச்சு இளைத்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனில் விவரம் சொன்னேன். அந்தப் பக்கத்துக் குரல் அவசரமாக இருந்தது. "நர்ஸிங் ஹோமா? சரி, அனுப்புங்க." பேச்சு முடிவதற்குள் வைத்துவிட்டது.

அந்தம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளே போய்விடுவாள். நான் வாசலில் நின்று வண்டி போவதைப் பார்த்தேன். பொறாமை வந்தது. மூச்சு முட்டும் கிழவியைப் பார்த்துப் பொறாமை!

சாயங்காலம் யெசேனியா அழுதுகொண்டே போன் செய்தாள். அவளுடைய மூத்த நர்ஸ் எல்லோர் முன்னாலும் திட்டினாளாம், ஷிஃப்ட் முடிந்து தினமும் காரில் உட்கார்ந்து அழுகிறாளாம். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன், இருந்தது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுச் சந்தோஷம் போய்விட்டது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "நீ இங்க இருந்திருக்கணும்" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 28, வியாழன்

கண்காட்சி மைதானத்தில் எங்கள் ஹ்மாங் புத்தாண்டு விழா. மூடுபனியில், வரிசையாக நின்று பந்து எறிந்து பிடித்து விளையாடும் இளசுகளுக்கு எதிரில் நிற்கும் ஆளின் முகமே தெரியவில்லை. கழுத்தில் வெள்ளிக் காசு மாலை, அதற்குமேல் குளிர் ஜாக்கெட், கையில் பப்பாளி சாலட்.

மாத்திரை டப்பா மாமா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். இதய டாக்டரிடம் சீக்கிரம் தேதி வாங்கித் தரவேண்டுமாம். "நீ உள்ளதானே இருக்க, ஒரு வார்த்தை சொன்னா போதும்." நான் தடுமாறினேன். அப்பா நடுவில் வந்தார். மூன்று மாதமாக என்னோடு சரியாகப் பேசாதவர்.

"அவளுக்கு வேலை அதிகம். நானே கேட்டுச் சொல்றேன்" என்று மாமாவைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து ஒரு குச்சி இறைச்சியை என் கையில் கொடுத்தார். நின்று தின்றோம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்னும் திறக்கவில்லை. இணையப் பக்கத்தில் "விரைவில்" என்றுதான் இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

விரைவில்.

மார்ச் 25, திங்கள்

போன் செய்து கேட்டேன். இந்த வருடம் தள்ளிப்போகிறதாம். எப்போது என்று அவர்களுக்கே தெரியாதாம். வேலையை விட்டுவிடலாமா? விட்டால் ஆறு மாதக் கணக்கு நின்றுவிடும். முதியோர் இல்லத்தின் விளம்பரப் பலகையில் நான் சேருமுன்பிருந்தே நர்ஸ் தேவை என்று இருக்கிறது, வந்தவள் நான் ஒருத்திதான். நானும் போனால் அந்த முப்பது பேர்? அவர்களுக்காக என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளவேண்டாம். வீட்டில் மறுபடி அந்தச் சுவரைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, திங்கள்

காலையில் திறந்தது.

பெயர், முகவரி, லைசென்ஸ் எண். நாலாவது கேள்வி, ஆறு மாதத்துக்கு மேல் நர்ஸாகப் பணிபுரிந்திருக்கிறீர்களா? போன வாரத்தோடு ஆறு மாதம் முடிந்தது. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம்!

ஆம் என்று தொட்டேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று சொல்லிப் பக்கம் மூடிக்கொண்டது.

இல்லை என்று தொட்டிருக்கலாம். லைசென்ஸ் எண்ணைப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் லைசென்ஸே போய்விடும். போன் செய்தேன். அனுபவமுள்ளவர்களுக்கு வேறு பிரிவு இருக்கிறது என்றாள். அதற்கு என்ன வேண்டும் என்றேன். "ஒரு வருட ஆஸ்பத்திரி அனுபவம்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் பயந்துபோய் "ஹலோ? ஹலோ?" என்றாள்.

சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை, சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"என்ன காரணம் சொன்னாங்க?" என்றார் அப்பா.

"அனுபவம் இருக்காம்."

"போன தடவ?"

"காரணமே சொல்லல. இப்ப வேற பிரிவுல கேட்டா, அனுபவம் இல்லைங்கறாங்க."

அப்பா தேக்கரண்டியைக் கீழே வைத்தார். அந்தப் பேச்சுக்கார முகம் வந்துவிட்டது, இரண்டு வீட்டையும் எடைபோடும் முகம். நான் பயந்தேன், குடையைத் தேடப் போகிறாரோ என்று. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"அது வேண்டாம்னு சொல்லத் தெரியாத வீடு. அந்த மாதிரி வீடுங்களப் பாத்திருக்கேன். முதல்ல பொண்ணு சின்னதும்பாங்க. அப்புறம் வயசாயிடுச்சும்பாங்க. நடுவுல ஒரு நாள் கூட இருந்திருக்காது."

"அப்ப என்ன செய்வீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"என்ன செய்யறது? திரும்பி வந்துடுவோம்" என்றார்.

நான் எழுந்து போய்க் குளியலறையில் அழுதேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும், யாரும் கதவைத் தட்டவில்லை.

மே 5, ஞாயிறு

வாங் குலத்திலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு சாக்ரமென்டோவில். பெண் பக்கம் அப்பாதான் பேசவேண்டும் என்று கேட்க வந்தார்கள். பெரிய இடம். அம்மா காலையிலேயே கோழி அடித்துவிட்டாள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடைசியாகப் பெரிய பேச்சுக்குப் போய் எத்தனை நாளாகிவிட்டது!

நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் பேசி, சாப்பிட்டு, இரண்டாவது கோப்பையும் ஊற்றியாயிற்று. அவர்களில் மூத்தவர் மரியாதைக்காகக் கேட்டார்.

"உங்க பொண்ணு பெரிய ஆஸ்பத்திரியில நல்லா இருக்காளா? எங்க வீட்டுலயும் எல்லாரும் அவளப் பத்தித்தான் சொல்லுவாங்க."

அம்மா முந்திக்கொண்டாள். "நல்லா இருக்கா, நல்லா இருக்கா..."

"இல்ல" என்றார் அப்பா.

நான் குழாயை நிறுத்தினேன்.

"அவங்க அவள எடுத்துக்கல. ரெண்டு தடவ கேட்டோம். ரெண்டு தடவையும் எடுத்துக்கல. விருந்து வெச்ச அன்னைக்கே எங்களுக்குத் தெரியும். அவ க்ளோவிஸ் பக்கம் முதியோர் இல்லத்துல இருக்கா. நர்ஸாத்தான் இருக்கா."

கோப்பை மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆகஸ்டில் வந்த மின்னஞ்சலை எத்தனை முறை படித்திருப்பேன்? ஏப்ரலில் அந்தப் பக்கம் என் கண்முன்னால்தானே மூடியது? ஆனாலும் அப்பா வாயால் கேட்டபோதுதான் எனக்கு அது உண்மையாக நடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் கட்டியிருந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் சொன்னார்? கேட்டது மரியாதைக் கேள்விதானே, அம்மா பதிலும் சொல்லியாகிவிட்டது. ஏன் இன்று, இவர்களிடம்?

அவர்கள் கிளம்பும்போது மூத்தவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல பேசிட்டு இந்த வாரமே கூப்பிடறோம்" என்றார். கார் வரைக்கும் போய் அப்பா வழியனுப்பினார்.

மே 12, ஞாயிறு

இன்னும் கூப்பிடவில்லை. அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. இப்போது சோறு தயார் என்று சொல்வது என் வேலை.

மே 14, செவ்வாய்

பெரியப்பா எனக்குத்தான் முதலில் போன் செய்தார். வாங் வீட்டார் வேறு ஆளைப் பேசிவிட்டார்களாம், மெர்செட்டிலிருந்து. ஒரு விருந்து முழுக்கப் பொய் சொன்னவர் நம் பெண்ணுக்கு என்ன வாக்கு வாங்கித் தருவார் என்று யாரோ சொன்னார்களாம். "உங்கப்பன்கிட்ட நீயே பக்குவமா சொல்லிடு" என்று வைத்துவிட்டார்.

ஷிஃப்ட் முடிந்து வந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுத்தமாகச் சவரம் செய்திருந்தார். கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. போனைத் தட்டுக்குப் பக்கத்தில் திரை மேலே தெரிய வைத்திருந்தார். ஒரு வாய் தின்பார், ஒரு விரலால் அதைத் தொட்டு வெளிச்சம் வரவைப்பார், பார்ப்பார், அடுத்த வாய்.

"சிக்னல் சரியா இருக்கான்னு பாரேன்" என்றார்.

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"இருக்குப்பா" என்றேன். எதிரில் உட்கார்ந்து எனக்கும் சோறு போட்டுக்கொண்டேன்.